கடற்கரை மணலை மீன் தொட்டியில் போட்டால் என்ன ஆகும்?

கடற்கரை மணலை மீன் தொட்டியில் போடலாமா என்று கேட்டால் நிறையப் பேர் உடனே சொல்வது, "உப்பு இருக்கும், மீன் செத்துப்போகும்." உப்பைப் பற்றி இவ்வளவு பயம் தேவையில்லை. வாளியில் மணலைப் போட்டு, கையை விட்டு நன்றாகக் கலக்கி, கலங்கல் போய்த் தெளிகிற வரை அலசினால் உப்பும் கூடவே போய்விடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால், அலசிய தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும்போது நிறுத்திக்கொள்ளலாம். எத்தனை முறை அலசினாலும் போகாதது கிளிஞ்சல் தூள்.

ராமேஸ்வரம் போய்வந்த துணிப்பையின் அடியில் தங்கியிருந்த மணலை ஒரு நாள் தட்டில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சிப்பித் துண்டுகள், துளை துளையாகப் பவளப் பொடி, நடுநடுவே கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் கல் துகள்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டேன், ஏனென்றால் காய்ந்த மணலுக்குள் இருக்கும் காற்றும் குமிழியாக வரும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அப்புறம் தண்ணீரை வடித்துவிட்டு வினிகர் ஊற்றியதும் சோடாவைப் போலப் பொங்கியது. மெரினா மணலில் அதே வினிகருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் குமிழி வந்தது, அதில் பெரும்பங்கு குவார்ட்ஸ்.

குவார்ட்ஸ் தொட்டியில் எதுவும் செய்யாமல் அப்படியே கிடக்கும். கிளிஞ்சலும் பவளமும் கால்சியம் கார்பனேட், வினிகர் போன்ற அமிலம் பட்டதும் பொங்கியது அதுதான். மீன் விடும் மூச்சிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் வருகிற கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகிறது, அந்த அமிலம் கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்க, கால்சியமும் பைகார்பனேட்டும் தண்ணீரில் சேர்ந்து கடினத்தன்மை கூடுகிறது, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் எண் 8-ஐ நெருங்குகிறது. அதற்கு மேல் கரைவது ஏறக்குறைய நின்றுவிடும். கடலின் மேல்நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே நிறைந்திருப்பதால்தான் அங்கே சிப்பி கரையாமல் கிடக்கிறது. ஆனால் நாம் உப்புகளை வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரை மாற்றி ஊற்றும்போதெல்லாம் பிஹெச் இறங்கி, மறுபடி ஏறும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் மாதிரி மென்மையான தண்ணீர் மீன்களை இந்த ஏற்ற இறக்கம் வாட்டிவிடும்.

இதைவிட மோசமானது அமோனியா. பிஹெச் 7-இல், 25 டிகிரி வெப்பத்தில், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவில் நச்சு வடிவத்தில் இருப்பது அரை சதவீதம்தான். பிஹெச் 8 ஆனால் அதுவே 5 சதவீதம். தொட்டியில் அமோனியாவின் மொத்த அளவு மாறவே இல்லை, நஞ்சு மட்டும் பத்து மடங்கு!

சரி, எல்லோருக்கும் இது பிரச்சினையா? இல்லை. வாளியில் வெள்ளையாகப் படிகிற போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறீர்கள் என்றால் அது ஏற்கெனவே கடினத் தண்ணீர், கிளிஞ்சல் அதில் பெரிதாகக் கரையாது. கப்பி, மோலி, மலாவி ஏரியின் சிக்லிட் மீன்களுக்கெல்லாம் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், கிளிஞ்சல் மணல் அவற்றுக்கு நல்லதே செய்யும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். அதில் இல்மனைட், கார்னெட் தாதுக்களோடு, கதிரியக்கம் உள்ள தோரியம் கலந்த மோனசைட் தாதுவும் இருக்கிறது. மன்னார் வளைகுடாப் பவளத் துண்டுகளையும் தொடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்குப் பாதுகாப்பு உண்டு. கடற்கரையில் மூட்டை கட்டி மணல் அள்ளுவதும் சட்டப்படி தவறு. எனக்குத் தொட்டி நிரப்ப மணல் வேண்டுமென்றால் கடையில் விற்கும் குவார்ட்ஸ் மணலைத்தான் வாங்குவேன்.

எந்த மணலானாலும் ஆழம் முக்கியம். 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் உள்ள தொட்டியில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப 8, 9 கிலோ போதும். நுண்மணலை அதற்கு மேல் கொட்டினால் இறுகிக்கொள்ளும், அடியில் ஆக்சிஜன் போகாது, அங்கே வளரும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். கண்ணாடி ஓரத்தில் மணல் கருத்துத் தெரிந்தால், குச்சியால் குத்தும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அதுதான். மணலுக்குள் புதைந்து திரியும் மலேசிய நத்தைகள் சிலவற்றை விட்டுவிட்டால் ராத்திரி முழுக்க அவையே கிளறிக்கொண்டிருக்கும்.