“உன்னால இல்லடா” என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்

பாட்ரிக் நெஸ் 2011-இல் எழுதிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ நாவலைப் பிள்ளைகளை விடப் பெரியவர்கள்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். கானர் என்ற 13 வயதுப் பையனின் அம்மா சாகக் கிடக்கிறாள். ராத்திரி 12:07-க்கு ஒரு மரம் பூதமாக எழுந்து வந்து அவனுக்கு மூன்று கதைகள் சொல்கிறது. நான்காவது கதையை அவன்தான் சொல்ல வேண்டும், அதுவும் உண்மைக் கதையாக. ‘இந்த வேதனை எப்படியாவது முடிந்தால் போதும்’ என்று அவன் நினைத்துவிட்டான். அந்த உண்மையைத்தான் அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

மும்பைத் தமிழ்க் குடும்பங்களிலும் இதை நான் பார்க்கிறேன். தாராவியிலிருந்து நாலாம் வகுப்புப் பையன் ஒருவனை என்னிடம் ஆலோசனைக்குக் கூட்டிவந்தார்கள் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). அம்மா இறந்ததிலிருந்து தினமும் காலையில் வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. களிமண்ணை உருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்: “அம்மா ராத்திரி பூரா கத்துச்சு. நான்தான் சாமிகிட்ட போதும்னு சொன்னேன். மறுநாள் செத்துப்போச்சு.”

தான் நினைத்ததால்தான் இப்படி நடந்தது என்று சின்னப் பிள்ளைகள் உண்மையாகவே நம்புவார்கள். நாம் கேட்காவிட்டால் அது வெளியே வராது. நாமோ “அம்மா தூங்குறாங்க”, “ஊருக்குப் போயிருக்காங்க” என்று மழுப்புகிறோம். தூங்குகிறாள் என்று கேட்ட பிள்ளை, அப்புறம் கண்ணை மூடவே பயப்படுகிறது.

நம் ஆட்கள் செய்யும் இன்னொன்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிள்ளையைத் திருநெல்வேலியில் ஆச்சியிடம் விட்டுவிட்டு அப்பா மட்டும் மும்பை திரும்புவார். வேலை, சமையல், ஒற்றை அறை வீடு... அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைக்கு அம்மாவோடு சேர்ந்து அப்பா, பள்ளிக்கூடம், சந்தில் இந்தியில் கத்தி விளையாடிய கூட்டாளிகள் எல்லாமே போய்விடுகிறது. இந்தி மீடியத்தில் படித்த பிள்ளை அங்கே தமிழ்ப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? முடிந்தால் ஆச்சியைக் கொஞ்ச காலம் இங்கே வரவழையுங்கள்.

அந்தப் பையனிடம் அவன் அப்பாவையே பேசச் சொன்னேன். “அம்மா செத்துப்போயிட்டாடா. இனிமே வரமாட்டா. நோயாலதான் செத்தா, நீ நினைச்சதால இல்ல.” இவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்தது. அவராகவே ஒன்று சேர்த்தார்: “நானும் அன்னைக்கு போதும்னுதான்டா நினைச்சேன்.” பையன் “நீயுமா?” என்று நிமிர்ந்து பார்த்தான்.

ஒரே பேச்சில் இது தீராது. அதே கேள்வியைப் பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும். அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். தூக்கம், சாப்பாடு, படிப்பு மாதக்கணக்கில் கெட்டுக் கிடந்தால் ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள். “நானும் அம்மாகிட்ட போறேன்” என்று சொன்னால் அன்றைக்கே. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.