மரத்தை மொட்டையடிக்கச் சொல்லாதீர்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் அக்டோபரில் எங்கள் தொலைபேசிக்கு ஓய்வே இருக்காது. "காற்றடித்தால் மரம் வீட்டின் மேல் சாய்ந்துவிடும். உடனே வந்து மொட்டையடித்துவிடுங்கள்" என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். தாம்பரம், பல்லாவரம், மடிப்பாக்கம் பகுதிகளில் சிறு குழு ஒன்றை வைத்துக் கிளை கழிக்கும் தொழில் செய்பவன் நான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பயத்தைப் போக்க அவர்கள் கேட்கும் வேலை, சில ஆண்டுகளில் அதே மரத்தை இன்னும் ஆபத்தானதாக ஆக்கிவிடும்.

மரத்துக்குச் சோறு இலையில்தான் சமைக்கப்படுகிறது. எல்லா இலைகளையும் ஒரே நாளில் இழந்த வேம்போ தூங்குமூஞ்சியோ, சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்து அவசர அவசரமாகத் துளிர்க்கிறது. பச்சைப் பசேலென்று கொத்தாகக் கிளம்பும் துளிர்களைப் பார்த்து வீட்டுக்காரர் மகிழ்கிறார். இயல்பாக வளரும் கிளை ஆண்டுக்கு ஆண்டு தண்டின் மரத்தோடு பின்னி வளர்கிறது. இந்தத் துளிர்களோ பட்டைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகளிலிருந்து வருபவை. தண்டின் வெளிப்புற அடுக்கில் மட்டுமே அவற்றுக்குப் பிடிப்பு உண்டு. இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் அவை கை அளவு தடிமன் ஆகிவிடுகின்றன. அதற்குள் வெட்டிய முனையில் மழைநீர் இறங்கி உள்ளே மட்கத் தொடங்கியிருக்கும். மேலே கனம், அடியில் மட்கிய மரம். அடுத்த புயலில் பிய்ந்து விழுபவை பெரும்பாலும் இவைதான். இலையில்லாத காலத்தில் வேரும் பட்டினி கிடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய இடத்தில் தாரோ பெயின்டோ பூசினால் காயம் ஆறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து, 1970களில் ஒன்றைத் தெளிவாக்கினார். நம் தோலைப்போல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி, அதைத் தாண்டிப் புதிய மரத்தை வளர்க்கிறது. பூசும் தார் அந்தத் தடுப்புக்கு எவ்வகையிலும் உதவுவதில்லை. உதவுவது, எந்த இடத்தில் அறுக்கிறோம் என்பதுதான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே தடித்த வளையம் ஒன்று தெரியும். தடுப்புச் சுவர் எழுவது அங்கேதான். அந்த வளையத்தைத் தண்டோடு ஒட்டச் சீவினால் மரத்தின் காவலை நாமே அகற்றிவிடுகிறோம். ஒரு முழம் கட்டையை விட்டு வெட்டினால் அந்தக் கட்டை மட்கி உள்ளே இறங்குகிறது. வளையத்துக்கு வெளியே, அதைத் தொடாமல் அறுக்க வேண்டும். கனமான கிளையானால் முதலில் ஓரடி தள்ளிக் கீழிருந்து பாதி அறுத்து, பிறகு இன்னும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கிவிட்டு, மிஞ்சிய கட்டையைக் கடைசியாக எடுப்போம். இப்படிச் செய்தால் பட்டை தண்டுவரை உரிந்துகொண்டு வராது.

அப்படியானால் காற்றுக்கு என்னதான் செய்வது? பட்ட கிளைகளை எடுங்கள். ஒன்றோடொன்று உரசுபவற்றில் ஒன்றை எடுங்கள். வீட்டின் பக்கம் நீண்டதை ஒரு நல்ல பக்கக் கிளை பிரியும் இடம்வரை குறையுங்கள். ஒரு கவாத்தில் கால்வாசி இலைக்கு மேல் போகக் கூடாது. அதைவிட முக்கியம், கீழே பாருங்கள். புயலில் மரம் வேரோடு சாய்ந்த இடங்களில், மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ ஒரு பக்க வேர் அறுபட்டிருக்கும், அல்லது தண்டைச் சுற்றி சிமெண்ட் நெருக்கியிருக்கும். உணவும் நீரும் தேடும் வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணில்தான் பரவுகின்றன. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது இதனால்தான். ஆனால் அடிமரத்தைச் சோதிக்கச் சொல்லி எங்களை அழைப்பவர் அரிதிலும் அரிது.

இனி பணம். ஒரே மரத்துக்கு நான் ஏழாயிரம் ரூபாய் சொல்வேன். அடுத்த தெருவில் ஒருவர் மூவாயிரத்துக்கு ஒப்புக்கொள்வார். வாடிக்கையாளருக்கு நான் கொள்ளைக்காரனாகத் தெரிவேன். அந்த மூவாயிரத்தில் என்ன இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மரத்தில் ஏறுபவருக்கு இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை இல்லை. தரையில் நின்று கயிறு பிடித்துக் கிளையை மெல்ல இறக்க ஓர் ஆள் இல்லை. தலைக்கவசம் இல்லை. தழையை ஏற்றிப்போக வண்டி இல்லை. மறுநாள் அது தெருமுனையில் கிடக்கும். எங்களிடம் ஏறுபவர் அறுக்கும்போது இரண்டு இடங்களில் கட்டப்பட்டிருப்பார். ஒருமுறை விழும் ஆளைத் தாங்கிய பட்டையை, பார்க்கப் புதிதாகவே இருந்தாலும், மறுபடி பயன்படுத்தமாட்டோம். ஏறுவதற்கு முன் குளவிக்கூடும் முசுறுக்கூடும் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே கால் மணி நேரம் போகும். இதெல்லாம் கூலிதான்.

கயிறில்லாமல் ஏறியவர் முருங்கையிலிருந்தோ நாவலிலிருந்தோ விழுந்தால் முதுகெலும்பு போகிறது, குடும்பத்தின் வருமானமும் அன்றோடு போகிறது. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பதுதான். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்தில் இறந்தாலோ முழுமையாக முடங்கினாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 வயது முதல் 70 வரை சேரலாம். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் தனியாகக் காப்பீடு வைத்திருக்கிறது. இரண்டு லட்சம் போதாதுதான். அதனால் குழுவுக்குத் தனி விபத்துக் காப்பீடும் எடுத்திருக்கிறேன். அந்தச் செலவும் அந்த ஏழாயிரத்துக்குள்தான் அடக்கம்.

மின்கம்பி விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மூங்கில் போய், தொரட்டிக்கு இரும்புக் குழாயும் அலுமினியக் குழாயும் வந்துவிட்டன. கம்பிக்குப் பக்கத்தில் அதைத் தூக்குவது தற்கொலை. ஈரமான மூங்கிலும் பச்சைக் கிளையும்கூட மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகே ஏறுவோம். அதற்காக அரை நாள் காத்திருந்து கூலி நஷ்டமானாலும் சரி. "ஐந்து நிமிட வேலைதானே" என்று அவசரப்படுத்தும் வீட்டில் வேலையையே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

தென்னையைப் பற்றியும் ஒன்று. "பார்க்கச் சுத்தமாக இருக்க வேண்டும்" என்று பச்சை மட்டைகளையும் சீவச் சொல்கிறார்கள். அந்தப் பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டையிடும். புழு தண்டைக் குடைந்த பிறகு குருத்து சாயும்போதுதான் நமக்குத் தெரியவரும். காய்ந்த மட்டை, பன்னாடை, காய்ந்த பாளை ஆகியவற்றை எடுத்தால் போதும். பச்சை மட்டையைக் கட்டாயம் எடுக்க வேண்டுமானால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் தள்ளி வெட்ட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

வாசலுக்கு வெளியே நடைபாதையில் நிற்கும் மரம், நீங்களே நட்டு வளர்த்ததாக இருந்தாலும், உங்களுடையது அல்ல. அதன் கிளையைத் தொடுவதற்கு முன் மாநகராட்சியிடமும், மரத்தையே அகற்ற மாவட்டப் பசுமைக் குழுவிடமும் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு நாளாகும். ஆகவே அக்டோபரில் அழைக்காதீர்கள், ஆகஸ்டில் அழையுங்கள். மாமரத்தில் அறுவடை முடிந்திருக்கும், அனுமதிக்கு அவகாசம் இருக்கும், எங்கள் ஆட்களும் மழையில் வழுக்கும் பட்டையில் ஏறாமல் ஈரமில்லாத மரத்தில் நிதானமாக வேலை செய்வார்கள். வருபவர் யாரானாலும், விலை பேசுவதற்கு முன் அவருடைய கயிற்றையும் பாதுகாப்புப் பட்டையையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.