திராட்சைத் தொட்டியும் செப்டிக் டேங்கும்

அம்பத்தூரில் மாதம் ஒருமுறை தொழிற்சாலை சூப்பர்வைசர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். மூடிய தொட்டிக்குள் இறங்குவது பற்றிய பாடத்தைச் சாக்கடையில் தொடங்க மாட்டேன், ஒயினில் தொடங்குவேன். திராட்சைச் சாறால் ஆள் சாவாரா என்று வகுப்பே நிமிர்ந்து உட்காரும். சாவார்.

சில ஆண்டுகள் அறுவடைக் காலத்தில் நாசிக் பக்கத்து ஒயின் ஆலைகளுக்குப் பாதுகாப்பு ஆய்வுக்காகப் போய்வந்தேன். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையை வருடம் முழுக்க ஏதாவதொரு தோட்டத்தில் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். நாசிக்கில் ஒயின் திராட்சை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் மொத்தமாக வந்து குவியும். சர்க்கரை 22, 24 பிரிக்ஸ் (சாற்றில் எத்தனை சதவீதம் சர்க்கரை என்ற அளவு) ஏறியதும் வெட்டியாக வேண்டும். நாள் தள்ளினால் புளிப்பு இறங்கிவிடும். அந்த மூன்று மாதமும் ஆலையில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. என்னைக் கேட்டால், விபத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

சிவப்பு ஒயினுக்குப் பழத்தை நசுக்கி, தோலும் விதையுமாகவே தொட்டியில் விடுவார்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று, ஏறத்தாழப் பாதியை ஆல்கஹாலாகவும் மறுபாதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் சுமார் 50 லிட்டர் வாயு வெளியேறும். 10,000 லிட்டர் தொட்டி என்றால் ஐந்து லட்சம் லிட்டர். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். குழியிலும் தொட்டியின் அடியிலும் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும்.

ஒரு வாரம், பத்து நாளில் ஒயினைக் குழாய் வழியே வடித்துவிடுவார்கள். சக்கை உள்ளேயே தங்கிவிடும். தொட்டியின் கீழே இருக்கும் சின்னக் கதவைத் திறந்து ஒருவர் உள்ளே புகுந்து, மண்வெட்டியால் அதை வெளியே தள்ள வேண்டும். ஒயின் போய்விட்டது, தொட்டி காலி என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. ஆனால் சக்கை ஈரத்தோடு இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும். கிளறக் கிளற வாயு வரும்.

அப்படி ஒரு கதவருகே குனிந்து முகத்தை நீட்டிப் பார்த்தேன். முதலில் நல்ல பழ வாசனை. அடுத்த நொடியே, சோடா குடித்த ஏப்பம் மூக்கில் ஏறுமே, அந்தச் சுரீர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டென்று பின்னால் வந்தேன். இடுப்பில் மாட்டியிருந்த கேஸ் மீட்டர் கத்தவே இல்லை.

இதை நம் ஊர் சூப்பர்வைசர்கள் பலரும் கவனிப்பதில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நான்கு வாயு மீட்டர் ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, எரியும் வாயு ஆகியவற்றைத்தான் அளக்கும். கார்பன் டை ஆக்சைடு அந்த நான்கில் இல்லை. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அலாரம் அடிக்கும். தொட்டியில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தாலும் ஆக்சிஜன் 19.8க்குப் பக்கத்தில் நிற்கும். மீட்டர் பச்சை விளக்கு காட்டும். 4 சதவீதமே உயிருக்கு ஆபத்தான அளவு; 10 சதவீதத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் நினைவு தப்பிவிடும். நொதிக்கும் எந்த இடத்துக்கும் கார்பன் டை ஆக்சைடு சென்சார் உள்ள மீட்டர்தான் வேண்டும். அதையும் கயிற்றில் கட்டி இறக்கி, மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும்.

"கிணத்துல லாந்தர் விட்டுப் பார்ப்பாங்களே சார், அது போதாதா?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். போதாது. சுடர் அணையாமல் எரிகிற காற்றிலேயே மனிதனுக்குத் தலை சுற்றி, கால் துவண்டுவிடும். செப்டிக் டேங்கில் மீத்தேன் இருந்தால் அந்த லாந்தரே வெடிக்கு வழிசெய்யும்.

பத்திரிகையில் எப்போதும் "விஷவாயு தாக்கி" என்றே எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பெரிய கவலை. விஷம் என்றால் நாறும், எரியும் என்று நினைக்கிற தொழிலாளி, நாற்றம் இல்லையென்றால் தைரியமாக இறங்குகிறார். திராட்சைத் தொட்டியில் இருப்பதோ நாம் மூச்சில் விடும் அதே வாயு. சாக்கடையில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லும் அந்த நேரம்தான் மிக மோசமான நேரம்.

ஒரு ஆலையில் என் கண் முன்னே ஒரு இளைஞர் சக்கைக்குள் முழங்காலிட்டுச் சரிந்தார். வெளியே நின்ற அவர் தம்பி கதவை நோக்கிப் பாய்ந்தார். இருவர் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. இடுப்பு பெல்ட்டில் கயிறு இருந்ததால் நாங்கள் வெளியிலிருந்தே அண்ணனை இழுத்துவிட்டோம். சில நிமிடத்தில் கண் விழித்தார். தம்பி உள்ளே போயிருந்தால் அவருக்குக் கயிறு கிடையாது. நம் செப்டிக் டேங்க் சாவுகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இப்படித்தான். முதல் ஆள் வேலைக்கு இறங்குகிறார், அடுத்தவர் அவரைக் காப்பாற்ற இறங்குகிறார்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த விதிகள் இல்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள்: முதலில் வாயுவை அகற்று, பிறகு சோதித்து எழுத்தில் சான்று கொடு, இல்லையென்றால் சுவாசக் கருவியும் பெல்ட்டும் கயிறும் கொடு, கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்கட்டும். வாயுவை அகற்ற மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. கனமான வாயு தானாக ஏறி வராது, புளோயர் குழாயை அடிவரை இறக்கிக் காற்றைத் தள்ள வேண்டும். செப்டிக் டேங்க் விஷயத்தில், மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதே குற்றம்.

போன மாதம் வில்லிவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் போன் செய்தார். "ரெண்டு பேரை வரச்சொல்லிட்டேன் சார். அஞ்சு நிமிஷ வேலைதான், மேல கொஞ்சம் தண்ணி ஊத்திட்டு இறங்கிடுவாங்க" என்றார். கயிறு யார் பிடிப்பார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரிக்கு 14420 என்ற உதவி எண்ணைக் கூப்பிடச் சொன்னேன். வந்த இருவருக்கும் அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னேன். சாயங்காலம் லாரி வந்ததும் போட்டோ அனுப்பியிருந்தார். மூடி திறந்திருந்தது, குழாய் மட்டும் உள்ளே இறங்கியிருந்தது.