‘லைன்’ என்றதும் மூளை எதை எடுக்கிறது?

ஹட்டன் பக்கத்திலிருந்து உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சேர், ஆங்கிலத்தில் ‘லைன்’ என்ற ஒரே சொல்லுக்கு அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருக்கிறார்கள். பேசுகிறபோது எந்தப் பொருள் என்று எப்படிக் குழம்பாமல் பிடிக்கிறார்கள்? நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?”

மனப்பாடம் வேண்டாம். பிடிப்பது எப்படி என்ற கேள்வியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மலையகத்தில் இந்தச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. கோச்சி ஓடுவது லைனில். பள்ளிக்கூடத்தில் காலையில் பிள்ளைகள் நிற்பது லைனில். மழைக்காற்றில் மரம் சாய்ந்தால் அறுவது கரண்ட் லைன். அவசரத்துக்கு ஃபோன் எடுத்தால் கிடைக்காததும் லைன். தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நாம் குடியிருப்பதும் அதே சொல்தான். நம் வாயில் லயன், லயம் என்று ஆகிவிட்டது. இலத்தீனில் ‘லீனம்’ என்றால் ஆளிச்செடி, அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. நூலை இழுத்துப் பிடித்தால் கோடு, கோட்டின்மேல் நிறுத்தினால் வரிசை, வரிசையாகக் கட்டினால் குடியிருப்பு. லினன் துணியும் லயத்துக் காம்பராவும் ஒரே செடியிலிருந்து பெயர் பெற்றவை! இதைவிடப் பெரிய சொற்களும் உண்டு. ‘ரன்’ என்பதற்கு, வினைச்சொல்லாக மட்டும், 645 பொருள் எண்ணியிருக்கிறார்கள் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரர்கள்.

சரி, காதில் ‘லைன்’ விழுந்ததும் என்ன நடக்கிறது? முன்னால் வந்த பேச்சை வைத்து மூளை தேவையான பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்றுதான் எவருக்கும் தோன்றும். கோச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது லயத்து நினைப்பு எதற்கு வரப்போகிறது? ஆனால் 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனை வேறு கதை சொன்னது. எனக்குத் தெரிந்த உளவியல் சோதனைகளில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு ஆழமாக உள்ளே எட்டிப் பார்த்தது வேறொன்று இல்லை.

அவர் எடுத்துக்கொண்ட சொற்களில் ஒன்று ‘பக்’. அதற்குப் பூச்சி என்றும் பொருள், ஒட்டுக்கேட்க ஒளித்துவைக்கும் கருவி என்றும் பொருள். சோதனைக்கு வந்தவர்கள் ஹெட்ஃபோனில் ஒரு செய்தியைக் கேட்பார்கள்: அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் சில ‘பக்’ இருப்பதை ஒருவர் கண்டார். சந்தேகத்துக்கே இடமில்லை, பூச்சிதான். அந்தச் சொல் காதில் விழுந்து முடிகிற அதே கணத்தில் எதிரே திரையில் சில எழுத்துகள் தோன்றும். அது ஆங்கிலத்தில் உண்மையான சொல்லா, வெறும் எழுத்துக் கூட்டமா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தந்திரம் திரையில் வரும் சொல்லில் இருக்கிறது. சிலருக்கு ‘எறும்பு’ வரும், சிலருக்கு ‘ஒற்றன்’, சிலருக்குத் தொடர்பே இல்லாத, துணி தைப்பதைக் குறிக்கும் ‘தை’. (வந்ததெல்லாம் ஆங்கிலச் சொற்கள், இங்கே தமிழில் சொல்கிறேன்.) மனதில் ஏற்கெனவே ஒரு பொருள் விழித்திருந்தால் அதற்கு உறவான சொல்லைக் கை வேகமாக அடையாளம் காணும். ‘டாக்டர்’ என்று படித்தவர் ‘நர்ஸ்’ என்பதைச் சட்டென்று பிடிப்பார் என்பது 1971-லேயே தெரிந்த செய்தி. ஆகவே பொத்தானை அழுத்தும் வேகத்தை அளந்தால், அந்தக் கணத்தில் உள்ளே எந்தெந்தப் பொருள் விழித்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கேட்பவருக்கே தெரியாத ஒன்றை அவருடைய விரல் சொல்லிவிடுகிறது.

‘எறும்பு’ வேகமாக வந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் ‘ஒற்றன்’ என்பதும் வேகமாக வந்தது! கதையில் சிலந்தியும் கரப்பானும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன, ஒற்றனுக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தும் அந்தப் பொருளும் எழுந்து நின்றது. அப்புறம் ஸ்வின்னி திரைச்சொல்லைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார், ‘பக்’ முடிந்து மூன்று அசை கழித்து. இப்போது ‘எறும்பு’ மட்டும்தான் வேகமாக வந்தது. ‘ஒற்றன்’ அணைந்துவிட்டான்.

ஒலி வந்தவுடன் அதற்குரிய பொருள்கள் எழுகின்றன. சூழல் வந்து வேண்டாததை அணைக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன. நமக்குத் தெரிய வருவது மிஞ்சிய ஒன்று மட்டும். அதனால்தான் குழப்பம் என்று ஒன்று இருந்ததாகவே நாம் உணர்வதில்லை. பேச்சு ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று சொல்லாக வந்துகொண்டே இருக்கும்போது, முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பிறகு கழிப்பது, யோசித்து ஒன்றை எடுப்பதைவிட வேகமான வழி என்று நினைக்கிறேன். நல்ல சிலேடையில் இரண்டு பொருளையும் சேர்த்து ரசிக்க முடிவதும், அவை ஒருமுறையாவது இரண்டும் எழுவதால்தான்.

பிறகு வந்த ஆய்வுகள் இதில் ஒரு திருத்தம் செய்தன. எல்லாப் பொருளும் ஒரே பலத்தில் எழுவதில்லை. 1988-இல் சூசன் டஃபி, ராபின் மோரிஸ், கீத் ரேனர் மூவரும் படிப்பவர்களின் கண் அசைவை அளந்தார்கள். அடிக்கடி பழகிய பொருள் முந்திக்கொண்டு வரும். சூழல் அரிதான பொருளைக் கேட்கும் இடத்தில், கண் அந்தச் சொல்லில் சற்று நேரம் கூடுதலாக நிற்கும். பழகிய பொருள் இடையில் புகுந்து மல்லுக்கட்டுவதுதான் காரணம்.

எது பழகியது என்பதை அகராதி தீர்மானிப்பதில்லை, அவரவர் வாழ்க்கை தீர்மானிக்கிறது. பிரிட்டனில் ஜெனி ராட் குழுவினர் துடுப்புப் படகுப் போட்டிக்காரர்களைச் சோதித்தபோது, அந்த விளையாட்டில் தனிப்பொருள் கொண்ட சாதாரணச் சொற்களுக்கு, அவர்களிடம் விளையாட்டுப் பொருள் எளிதாக வந்தது. அப்படியானால் தோட்டத்துப் பிள்ளைக்கு ‘லைன்’ என்றதும் வீடு முதலில் வருவது இயல்பு. ஆங்கிலப் பாடத்தில் கவிதையின் வரியை அதே சொல்லால் குறிப்பிடும்போது அந்தப் பிள்ளை அரைக் கணம் தயங்கினால், அதை மந்தம் என்று எழுதிவிடும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். அங்கே மூளை தான் செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்கிறது. பொருள் பட்டியலை உருப்போட வைத்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்பதை, நாக்கில் வசம்பு உரசினால் பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கையோடுதான் நான் சேர்ப்பேன். புதுப் பொருளை வாக்கியங்களில் திரும்பத் திரும்பச் சந்தித்தால் அதன் பலம் தானாகவே ஏறும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1999-இல் மைக்கேல் ஸ்பைவியும் வியோரிகா மரியனும் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம், தபால் முத்திரையை எடுத்து வையுங்கள் என்று ரஷ்ய மொழியில் சொன்னார்கள். அந்த வாக்கியத்தில் அதற்கு வரும் ரஷ்யச் சொல்வடிவம் ‘மார்க்கு’. கேட்டவர்களின் கண், பக்கத்தில் கிடந்த மார்க்கர் பேனா மீதும் ஓடியது. கேட்பது ஒரு மொழியாக இருந்தாலும் மற்ற மொழி தூங்குவதில்லை.

நுவரெலியாச் சந்தையில் ‘பொடி’ என்று ஒருவர் சொன்னால் தமிழில் தூள், சிங்களத்தில் சின்னது. இரண்டு மொழியும் பேசி வளர்ந்த பிள்ளைக்குள் எது முதலில் எழுகிறது, எது எவ்வளவு நேரத்தில் அணைகிறது? அளந்து பார்க்க ஒரு கணினி, ஒரு ஹெட்ஃபோன், இரண்டு பொத்தான், சத்தமில்லாத ஓர் அறை போதும். ஆராய்ச்சி என்றால் கோடிக்கணக்கில் கருவி என்று நினைத்து நிதி ஒதுக்குபவர்கள் இந்தச் சின்னச் செலவையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று மொழி காதில் விழ வளரும் பிள்ளைகள் பதுளையிலும் பண்டாரவளையிலும் வகுப்பு வகுப்பாக இருக்கிறார்கள். ‘லைன்’, ‘பொடி’ இரண்டையும் வைத்தே தொடங்கலாம்: ஒருமுறை சொல் முடிந்த கணத்தில் திரையைக் காட்டிப் பார்ப்பது, ஒருமுறை மூன்று அசை கழித்து.