டாக்ரோ லெவல் 9.1-ஆ, 7.3-ஆ?

"ஏனுங்க, போன மாசம் ஏழு, இந்த மாசம் ஒம்பதுங்குது. ராத்திரி மாத்திரைய நிறுத்திப் பாக்கட்டுங்களா?"

போனில் கேட்டவர் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுபவர். அம்மாவின் சிறுநீரகம் பொருத்தி இரண்டு வருடம் ஆகிறது. வழக்கமாகக் கோவையில் எங்கள் லேபில்தான் ரத்தம் கொடுப்பார். அந்த முறை மாமனார் வீட்டு விசேஷத்துக்கு ஈரோடு போன இடத்தில் கொடுத்திருக்கிறார். பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் 9.1. வயிற்றுப்போக்கு உண்டா, புதிதாகப் பூஞ்சை மாத்திரை ஏதாவது சேர்ந்ததா என்று கேட்டேன். இரண்டுமே அளவை ஏற்றும். இல்லை என்றார்.

ஈரோட்டில் மீதமிருந்த அதே ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வரவழைத்து எங்கள் மெஷினில் ஓட்டினோம். 7.3.

அந்த லேபில் தப்பில்லை. அவர்கள் செய்வது இம்யூனோஅஸே, அதாவது மருந்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தை வைத்து அளக்கும் முறை. நாங்கள் செய்வது மாஸ் ஸ்பெக். கல்லீரல் உடைத்துப்போட்ட மருந்தின் மிச்சங்களும் மருந்தின் சாடையிலேயே இருப்பதால், ஆன்டிபாடி அவற்றில் சிலவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடும். மண்டியில் விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் ஒரே மூட்டையில் கட்டி நிறுத்த மாதிரிதான். மாஸ் ஸ்பெக் மூலக்கூறின் நிறையை வைத்துப் பிரித்துவிடும். இதே வேலைக்குத் தரும் வேறு இரண்டு மருந்துகளான சிரோலிமஸும் எவரோலிமஸும் இன்னும் மோசம், அண்ணன் தம்பி போல. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுபவருக்கு ஆன்டிபாடி எண்ணை நான் நம்பமாட்டேன்.

அதற்காக எல்லோரும் மாஸ் ஸ்பெக் தேடிக் கிளம்ப வேண்டாம். மெஷின் விலை அதிகம், ஓட்டத் தெரிந்த ஆளும் அரிது. மாதிரிகளைச் சேர்த்து ஓட்டுவதால் ரிப்போர்ட்டும் தாமதமாகலாம். ஆபரேஷன் முடிந்த புதிதில், சாயங்காலத்துக்குள் டோஸ் முடிவாக வேண்டிய நாட்களில், ஆன்டிபாடி முறையின் வேகம்தான் கைகொடுக்கும். தவிர, உங்கள் டாக்டர் "ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கட்டும்" என்பது பெரும்பாலும் அவர் பழகிய லேபின் முறையை வைத்துத்தான். லேபை மாற்றினால் அவரிடம் சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் பொடி எழுத்தில் இருக்கும் 'முறை' என்ற வரியையும் காட்டுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களாக மாத்திரையில் கை வைக்காதீர்கள். பல்லடத்துக்காரருக்கு டாக்டர் டோஸைத் தொடவே இல்லை.

எந்த மெஷினாலும் திருத்த முடியாத தப்பு ஒன்று உண்டு. முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டு வருவது. இரண்டு வேளை போடுபவர்களுக்கு, ராத்திரி மாத்திரைக்குப் 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுக்கும் ரத்தம்தான் கணக்கு. பல்லடத்துக்காரர் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். ஊதா மூடி டியூப் நிறைந்ததும், "ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்பார்.