நன்னடத்தை அறிக்கை: சொல்லும் பொருளும்

யாழ்ப்பாண நீதிமன்ற வாசலில் ‘புறொபேசன் றிப்போட்’ என்று சொல்லப்படுவதுதான் சட்டத்தமிழில் நன்னடத்தை அறிக்கை. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரோ, குற்றவாளியாகக் காணப்பட்ட பின்னரோ, தண்டனையைத் தீர்மானிக்குமுன் மன்று இதைக் கோரும். எழுதுபவர் நன்னடத்தை உத்தியோகத்தர்.

‘புறொபேசன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன் ‘புறொபாரே’. சோதித்துப் பார்த்தல் என்று பொருள். 1841 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சப்பாத்துத் தொழில் செய்த ஜோன் ஒகஸ்ரஸ், குடிபோதைக் குற்றத்துக்குக் கூண்டில் நின்ற ஒருவரைத் தன் பொறுப்பில் பிணை எடுத்தார். மூன்று கிழமை கழித்துத் திருந்தியவராக மன்றுக்கு வந்த அம்மனிதர், சிறைக்குப் போகாமல் சிறு தண்டப்பணத்தோடு விடுபட்டார். அந்த வழக்கம் 1907 இல் இங்கிலாந்தில் சட்டமாயிற்று. இலங்கைக்கு 1944 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்தது.

இதே ஆங்கிலச் சொல் உத்தியோகத்தில் ‘தகுதிகாண் காலம்’ ஆகிறது. அது மூலத்துக்கு நெருக்கம். நீதிமன்றத் தமிழோ சோதனையை விட்டு, சோதனையில் எதிர்பார்க்கும் பலனைப் பெயராக்கிக்கொண்டது: நல்ல நடத்தை, நன்னடத்தை. சொல் அழகானது, நிலைத்தும் விட்டது. ஆனால் பலர் இதை நற்சான்றுப் பத்திரம் என்று எண்ணி, கிராம உத்தியோகத்தரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் கடிதம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அக்கடிதங்கள் துணைக்கு உதவலாம், அறிக்கையின் இடத்தை நிரப்பா. பொருளை நோக்கினால் ‘சமூக விசாரணை அறிக்கை’ என்பதே திருத்தமான தமிழ்.

உத்தியோகத்தர் விசாரிப்பது குடும்பம், படிப்பு, தொழில், வருமானம், உடல்நலம், மனநலம், மது அல்லது போதைப் பழக்கம், கூடித்திரிபவர்கள், முன்குற்றங்கள், குற்றத்தைப் பற்றிக் குற்றவாளிக்கு உள்ள மனநிலை. குற்றவாளியிடம் பேசியபின் வீட்டுக்கும் போவார். தேவைப்பட்டால் பள்ளிக்கூடத்திலோ வேலைத்தலத்திலோ கேட்பார். குற்றம் நடந்ததா என்பதை மறுபடி ஆராய்வது அவர் வேலை அன்று. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை மேற்பார்வையில் விட்டால் திருந்தக்கூடியவரா என்பதே கேள்வி.

பிழை நேர்வது பெரும்பாலும் சிறிய விடயங்களில். பழைய முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வரும்போது பொறுப்பாகப் பேச ஆள் இருக்காது. குடிப்பழக்கத்தைத் தாய் மறைப்பார், அயலவர் சொல்லிவிடுவார். அதன்பின் தாய் சொன்ன உண்மைகளும் எடுபடாமல் போகும். மன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் உத்தியோகத்தரிடம் ‘நான் செய்யேல்லை’ என்றால் மனவருத்தம் இல்லாதவராகத் தோன்றுவார். உண்மையிலேயே செய்யவில்லை என்றால் அதை உடனே சட்டத்தரணியிடம் சொல்லவேண்டும். அறிக்கை பிந்தினால் இன்னொரு தவணை. விளக்கமறியலில் இருப்பவருக்கு அது கூடுதல் மறியல் நாட்கள்.

அறிக்கையின் பரிந்துரை நீதவானைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தண்டனைக்குமுன் ஒருவரின் வாழ்க்கையை மன்று முழுதாகப் பார்க்கும் ஒரே தாள் பல வழக்குகளில் இதுதான். ஆகவே வயது, தொழில், முன்குற்றம் ஆகிய மூன்றும் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று சட்டத்தரணி வாசித்துப் பார்த்து, பிழை இருந்தால் தண்டனை அறிவிக்குமுன்னரே மன்றுக்குச் சொல்லவேண்டும்.