இரண்டு கூண்டுகளில் பிரித்து வைக்கப்படும் முடக்குவாதம்

முடக்குவாதத்தை ஆராய்பவர்களுக்கு, பிறந்து நான்கைந்து வாரங்களில் தவறாமல் கணுக்கால் வீங்கும் சுண்டெலிகள் வேண்டும். ஆனால் நடக்கவே திணறும் எலிகளைக் கொண்டு பரம்பரையை வளர்ப்பது கடினம். கே/பிஎக்ஸ்என் எனப்படும் சுண்டெலி இதற்கு விடையாக அமைந்தது. அதுவும் யாரும் திட்டமிடாமலே.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், டயான் மாத்திஸ், கிறிஸ்டோஃப் பெனுவா ஆகியோரின் ஆய்வகத்தில், மாட்டின் ரிபோநியூக்ளியேஸ் நொதியை அடையாளம் காணும் டி செல் ஏற்பியின் (நோய் எதிர்ப்பு உயிரணுவான டி செல் தன் இலக்கைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறின்) மரபணுக்களைத் தாங்கிய கேஆர்என் எலிகள் உருவாக்கப்பட்டன. அவை நலமாகவே இருந்தன. நீரிழிவுக்கு ஆளாகும் என்ஓடி என்ற இனத்துடன் அவற்றைக் கலந்தபோதுதான், அந்த ஏற்பியைப் பெற்ற குட்டிகள் அனைத்துக்கும் மூட்டுகள் வீங்கின. இந்தக் குட்டிகளே கே/பிஎக்ஸ்என். 1996-இல் வெளியான இந்தப் புதிருக்குப் பின்னர் விளக்கம் கிடைத்தது. புரதத் துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் எம்எச்சி மூலக்கூறுகளில் என்ஓடி வழியாக வந்த ஒன்று, குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஐசோமரேஸ் என்ற உடலின் சொந்த நொதியின் துண்டை ஏந்திக் காட்ட, மாட்டு நொதிக்கென வைக்கப்பட்ட ஏற்பி அதையும் பற்றிக்கொள்கிறது. தூண்டப்பட்ட பி செல்கள் சுரக்கும் எதிர்ப்பொருள்கள் மூட்டுகளைத் தாக்குகின்றன. இந்த எலியின் குருதிநீரைச் செலுத்தினால், நலமான எலிக்கும் சில நாள்களில் கால் வீங்கிவிடும்.

ஆகவே வளர்ப்பவர்கள் நோயை வளர்ப்பதில்லை. அதன் இரு பாதிகளைத் தனித்தனிக் கூண்டுகளில் காக்கிறார்கள். கேஆர்என் எலியை பி6 என்ற சாதாரண ஆய்வக இன எலியுடன் சேர்த்துக்கொண்டே இருந்தால், ஒவ்வோர் ஈற்றிலும் சராசரியாகப் பாதிக் குட்டிகள் ஏற்பியைப் பெறும். என்ஓடி தனியே பெருகும். தேவைப்படும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, சுமார் மூன்று வாரங்களில் பிறக்கும் குட்டிகளை 21-ஆம் நாள் தாயிடமிருந்து பிரிக்கும்போது காதுமடலில் ஒரு துணுக்கு எடுத்து, ஏற்பியின் மரபணு இருக்கிறதா என்று, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில் சோதிப்பார்கள். ஏற்பி இல்லாத உடன்பிறப்புகளே மிகச் சிறந்த ஒப்பீட்டு எலிகள். கால் வீங்கியவை எக்கி உண்ண இயலாமல் தவிக்குமாதலால், அவற்றுக்குத் தீனியைக் கூண்டின் தரையிலேயே வைப்பது வழக்கம்.

மரபணு மட்டும் சரியாக இருந்தால் போதாது. கிருமியே அற்ற சூழலில் வளர்த்த கே/பிஎக்ஸ்என் எலிகளுக்கு நோய் தணிந்துபோவதும், இழைவடிவக் குடல் பாக்டீரியா ஒன்றைச் சேர்த்ததும் அது திரும்புவதும் 2010-இல் காட்டப்பட்டன. என்ஓடி எலிகளிலோ தலைகீழ்: கூண்டு சுத்தமாக ஆக ஆக நீரிழிவு கூடும். எனவே ஒரு கூட்டத்தில் திடீரெனக் கால்கள் வீங்காமல் போனால், மரபணுவுடன் எலிப் புழுக்கையையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.